ஆபத்து குறைவு

இருட்டியபின், முதலாளியின் மண் அணைக்குள்ளிருந்து களக் களக்கென்று சத்தம் கேட்டது. அடிவாரத்து வளையில் மூன்று குட்டிகளோடு கிடந்த தாய்க்கீரி தலையை வெளியே நீட்டியது.

“அணையண்ணே, உள்ளே என்ன சத்தம்?”

“தண்ணி வழி தேடுதும்மா. முதலாளி வந்து மதகைத் திறந்தாத்தான் தாங்குவேன்.”

“உங்க மேல நட்டிருக்கிற பலகையில ‘ஆபத்து குறைவு’ன்னு போட்டிருக்கே. அதை நம்பித்தானே குடிவந்தேன்?”

“அது என் உடம்பைப் பார்த்துப் போட்டதில்லம்மா. நான் உடைஞ்சா கீழே சாக யாருமில்லைன்னு போட்டது.”

“நாங்க இருக்கோமே, அண்ணே.”



கீரியின் வாயில் ஒரு குட்டிதான் கொண்டது. அதைக் கவ்விக்கொண்டு மேட்டுக்கு ஓடி, கீரி முதலாளி வீட்டுக் கதவைப் பிராண்டியது. கதவு சற்றே திறந்தது.

“யாருங்க அது?” என்று உள்ளேயிருந்து அவர் மனைவி கேட்டாள்.

“யாருமில்ல, கீரிதான்,” என்றார் முதலாளி, கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாளைப் போட்டபடி.