நிறுத்தியதற்குப் பரிசு

“மண்ணைப் போட்டு மூடுய்யா. இதுக்கெல்லாமா போன் பண்ணுவ?”

கான்ட்ராக்டர் வாயைக் கையால் பொத்திக்கொண்டுதான் பேசினார். ஆனால் அது ரகசியம் பேசிப் பழகிய குரல் இல்லை. அருங்காட்சியகக் கூடத்தில், பக்கத்து நாற்காலியில் இருந்த மகளுக்கு எல்லாம் கேட்டது.

மறுமுனையில் மேஸ்திரி. “ஒண்ணு ரெண்டு இல்ல மொதலாளி. அஸ்திவாரக் குழி பூரா பானை. ஆளுயரப் பானை. ஒண்ணுல எலும்பு மாதிரி என்னமோ கெடக்கு.”

“எவன் கண்ணுலயும் படுறதுக்குள்ள காங்கிரீட்டைக் கொட்டு. விஷயம் வெளியே போச்சு, கட்டடம் அவ்வளவுதான்.”

“லாரி வந்துக்கிட்டு இருக்கு.”

“வந்ததும் கொட்டு.”

போனைச் சட்டைப்பையில் போட்டார். மகளைப் பார்த்துச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

பள்ளிப் பிள்ளைகளுக்கு அங்கே அகழாய்வுப் பட்டறை. மணல் தொட்டியில் பானைகளைப் புதைத்து வைத்துத் தோண்டச் சொன்னார்கள். இன்று கடைசி நாள். பெற்றோர் முன்னிலையில் பரிசு.

பரிசு அவளுக்குத்தான்.

காலையிலிருந்து கான்ட்ராக்டர் எதிரே வந்தவரை எல்லாம் நிறுத்திச் சொல்லிவிட்டார். “தோண்டுறதுல என் பொண்ணு ஃபர்ஸ்ட். சும்மாவா? நம்ம தொழிலே அதுதானே. புலிக்குப் பிறந்தது பூனையாகுமா?”

“தோண்டினதுக்கு இல்லப்பா” என்று அவளும் சொல்லிப் பார்த்தாள். யார் கேட்டார்கள்?

“அப்பா.”

“ம்.”

“மூடாதீங்கப்பா.”

“பெரியவங்க விஷயத்துல தலையிடாதே. இது மணல் தொட்டி இல்ல. பொழப்பு.”

பட்டறை நடத்திய அம்மாள் மைக்கைப் பிடித்தார்.

“எல்லாப் பிள்ளைங்களும் நல்லாத்தான் தோண்டினாங்க. பானையை வெளியே எடுக்கிற அவசரத்துல பாதிப் பேர் உடைச்சாங்க. ஒரே ஒரு பொண்ணு, கரண்டி ‘டக்’குனு தட்டின உடனே கையை எடுத்துட்டா. என்னைக் கூப்பிட்டா. நான் வர்ற வரைக்கும் தொடவே இல்லை. தோண்ட எல்லாருக்கும் வரும். நிறுத்தத்தான் வராது. அப்படி நிறுத்தினதுக்குத்தான் இந்தப் பரிசு.”

கைதட்டல். கான்ட்ராக்டர் தட்டவில்லை. மகள் படியேறிக்கொண்டிருந்தாள். அவர் கண் மைக்கின் மேல்.

“ரெண்டு வார்த்தை பேசும்மா.”

பரிசுக் கோப்பையோடு மைக்கையும் வாங்கினாள். நேராக அப்பாவைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

“எங்கப்பாவைப் பத்திச் சொல்லணும்” என்றாள்.

போச்சு. மானம் கப்பலேறப் போகிறது. கான்ட்ராக்டருக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

“எங்கப்பா கட்டடம் கட்டுறவங்க. அவங்க தோண்டுற இடத்துல பழைய பானை நெறைய வந்திருக்கு. இப்பத்தான் போன் வந்துச்சு. அப்பா உடனே வேலையை நிறுத்தச் சொல்லிட்டாங்க. உங்ககிட்ட விஷயத்தைச் சொல்லத்தான் காத்துக்கிட்டு இருக்காங்க. எனக்கு வேண்டாம். இந்தப் பரிசை எங்கப்பாவுக்குக் குடுங்க.”

கூடமே எழுந்து கைதட்டியது. அம்மாள் மேடையை விட்டு இறங்கி ஓடிவந்து கும்பிட்டார்.

“கடப்பாரை பிடிக்கிற ஒருத்தராவது தானா வந்து சொல்ல மாட்டாங்களான்னு எத்தனை வருஷமா ஏங்கினோம் சார்! எங்க சார் இருக்கு அந்த இடம்?”

கான்ட்ராக்டர் எழுந்தார். நெஞ்சு தன்னால் நிமிர்ந்துவிட்டது. அதை அவர் என்ன செய்வார்?

“நானே கூட்டிட்டுப் போறேம்மா. ஒரு நிமிஷம்.”

வராந்தாவுக்கு ஓடினார். போனை எடுத்தார்.

“யோவ்! லாரியைத் திருப்பி அனுப்பு. குழியில ஒரு கை மண்ணு விழுந்துச்சு, உன்னைத் தொலைச்சுடுவேன்!”

“மொதலாளி, நீங்கதானே இப்ப...”

“நான்தான்யா சொல்றேன். நிறுத்து!”

திரும்பினால் மகள். கையில் கோப்பை. அதை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

“ஏம்மா, அத்தனை பேர் முன்னால அப்படி ஒரு பொய்யா?”

“பொய் எங்கேப்பா? நீங்கதான் நிறுத்திட்டீங்களே. நான் கொஞ்சம் முந்திக்கிட்டேன்.”