கரிகாலனின் பெயரையும் எழுதுங்கோ

“மொட்டைக் கடிதம் போட்டவன் கரிகாலன்தான். அதையும் சேர்த்து எழுதுங்கோ.”

குகதாசன் மேசையில் விரலால் தட்டிச் சொன்னார். சட்டத்தரணி ஆரெலி எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்.

பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் குகதாசனைப் பொலிஸ் கூட்டிக்கொண்டுபோய்ப் பதினாறு மாதமாகிறது. ஒருநாள் வைத்திருந்துவிட்டு விட்டார்கள். அதன்பிறகு குற்றச்சாட்டும் இல்லை, குற்றமில்லை என்ற கடிதமும் இல்லை. விசாரணை நடக்கிறதாம்.

அவர் செய்தது இவ்வளவுதான். ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்குக் கடிதம் வர ஒரு முகவரி வேண்டும். தன் வீட்டுத் தபால்பெட்டியில் அவர்கள் பெயரையும் ஒட்ட விட்டார். பதினொரு பெயர். முகவரியை விற்கிறார் என்று யாரோ பொலிசுக்கு எழுதிவிட்டார்கள்.

குற்றம் சாட்டும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கக்கூடாது, அதற்கு முன்பே நம் பக்கத்து ஆதாரங்களைக் கொடுத்துவிட வேண்டும் என்றார் ஆரெலி. பெட்டியில் பெயர் ஒட்டியவர்களிடம் சாட்சிக் கடிதம் வாங்கும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். யார் கொடுத்தார்கள் என்று குகதாசன் கேட்கவே கூடாது. பொலிஸ் கேட்டால், தெரியாது என்று அவர் சொல்வது உண்மையாக இருக்கவேண்டும்.

சனம் இதை வேறுமாதிரிப் பார்த்தது. மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம், வழக்கே இல்லாதவனுக்கு லோயர் எதற்கு என்றது. லா சப்பலில் கதை பரவ விசா தேவையில்லை. கடைக்கு வந்தவர்கள் சாமானை வாங்கிக்கொண்டு பேசாமல் போனார்கள். கோயிலில் அவருக்குப் பக்கத்தில் யாரும் இருக்கவில்லை. மனைவி இல்லாத வீட்டில் தனியே சாப்பிட்டுத் தனியே கோப்பை கழுவினார்.

அதையெல்லாம் தாங்கிக்கொண்டார். கரிகாலனைத்தான் தாங்க முடியவில்லை.

இருபது வருடத்துக்கு முன் அந்தப் பெட்டியில் முதன்முதலாக ஒட்டிய பெயரே கரிகாலனுடையது. பதினாலு மாதம் குகதாசன் வீட்டில் படுத்தெழும்பியவர். இப்போது போன் எடுப்பதில்லை. தெருவில் கண்டால் மறுபக்கம் மாறிப் போகிறார். குகதாசனின் மனைவியின் திவசத்துக்குக்கூட வரவில்லை.

“எழுதினவன் அவனில்லாட்டி என்ரை முகத்தைப் பாக்க ஏன் பயப்பிடுறான்? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்குந்தானே.”

ஆரெலி பேனாவை மூடி வைத்தார். இதைச் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன் என்று பெருமூச்சு விட்டார்.

“அந்தப் பெயரை எழுதினால் நமது முதல் சாட்சியே விழுந்துவிடும்.”

கடிதக் கோப்பைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினார். கையால் எழுதிய நாலு பக்கம், பிழை பிழையான பிரெஞ்சு. ஒரு சதமும் வாங்காமல் தன்னை வைத்துச் சோறு போட்ட கதை. குகதாசனைப் பொலிஸ் வெளியே விட்ட மூன்றாம் நாள் எழுதியது. கீழே கரிகாலனின் கையெழுத்து.

“அவன்ரை பெயரை நான் உங்களுக்குத் தரேல்லையே.”

“அவர் தானாகத்தான் வந்தார்.”

குகதாசனுக்குக் கண் நிறைந்தது. தன்னை நினைக்கவே கூசியது. சட்டைப்பையில் கைவிட்டுப் போனை எடுத்தார்.

“இப்பவே அவனோடை கதைக்கவேணும்.”

ஆரெலி கையை நீட்டித் தடுத்தார்.

“விசாரணை முடியும்வரை முடியாது. நீங்கள் பேசினால், இருவரும் சேர்ந்து சோடித்தது என்பார்கள். குகதாசனைக் கண்டாலும் காணாததுபோலப் போங்கள் என்று அவரிடம் சொன்னதே நான்தான். அந்தக் கதவடியில் நின்று அழுதுவிட்டுத்தான் அவர் சரி என்றார்.”