மரத்துப்போகும் வரை

பல் டாக்டரின் சாய்நாற்காலியில் படுத்தபடி லாரி டிரைவர் கைபேசியில் கோபுரம் அடுக்குகிறார். ஈறில் போட்ட ஊசிக்கு வாய் மரத்துப்போகும் வரைதான் அவகாசம். தலைக்கு மேலிருக்கும் விளக்கு திரையில் வட்டமாக மின்னுகிறது. இன்னும் ஒரே ஒரு கட்டை நின்றுவிட்டால், ஒரு மாதமாகத் தண்ணி காட்டும் லெவல் முடிந்துவிடும். டாக்டரம்மா குறடோடு வருகிறார். "வாயைத் திறங்கண்ணே." "இன்னும் மரத்துப் போகலைம்மா" என்கிறார் டிரைவர், குழறும் நாக்கே காட்டிக்கொடுத்துவிடுகிறது. டாக்டரம்மா திரையை எட்டிப் பார்க்கிறார். குறடு தட்டுக்குத் திரும்புகிறது. "அவசரப்படாதீங்க, நான் இந்த இடத்துலதான் தினம் மண்ணைக் கவ்வுறேன்." நர்ஸும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிகிறாள். கட்டை ஊசலாடுகிறது. விரல் தொடுகிறது. கோபுரம் ஒருமுறை தள்ளாடி, நிற்கிறது. மூவரும் போடும் கூச்சலில் வெளியே காத்திருப்பவர் சத்தமில்லாமல் செருப்பை மாட்டுகிறார். உள்ளே, உணர்வில்லாத பாதி வாயையும் இழுத்துக்கொண்டு டிரைவரின் மறுபாதி சிரிக்கிறது.