போட்டு வாறன்

ஞாயிறு காலை ஊர் சுற்றப் புறப்பட்டு, வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டைப் பூட்டும் முன் பகீரதன் சாமிப் படத்தைப் பார்த்து, "நான் போறன்," என்றான்.

"போறன் எண்டு சொல்லாதேங்கோப்பா, திரும்பி வராத ஆக்கள்தான் அப்பிடிச் சொல்லுவினம். போட்டு வாறன் எண்டு சொல்லுங்கோ," என்றாள் மனைவி நிரோஜினி.

"ரெண்டும் ஒண்டுதான்."

பஸ்ஸில் கண்டக்டர் இருவருக்கும் சேர்த்து ஒரு டிக்கெட்தான் கிழித்தார். பகீரதனுக்குச் சந்தோஷம். காலிமுகத்திடலில் இறால் வடைக்காரர் நிரோஜினிக்கு மட்டும் வடை கொடுத்தார். கொட்டாஞ்சேனைக் கடையில் இரண்டு கொத்துரொட்டி சொன்னார்கள், ஒன்றுதான் வந்தது. "சேர்விஸ் சரியில்லை," என்று புறுபுறுத்தபடி அவளுடைய தட்டிலேயே அவனும் சாப்பிட்டான்.

மாலையில் நிரோஜினி வீட்டைத் திறந்தாள். குசினியில் பகீரதன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். காயப்போட்ட உடுப்பெல்லாம் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"வந்திட்டீரே? தேத்தண்ணி போடட்டே?" என்றான்.

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் பகீரதன் ஒரு கோப்பைகூடக் கழுவியதில்லை.

"ஆரப்பா இது?" என்றான் வாசலில் நின்ற பகீரதன்.

நிரோஜினி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

"ரெண்டும் ஒண்டில்லையப்பா," என்று வாசலில் நின்றவனிடம் சொல்லிக் கதவைச் சாத்தினாள்.