மாமியார் கேட்டு வாங்கிய கிண்ணம்

தமியான் கையிலிருந்த ஜாடி மூடி நழுவி மரச்சீவலுக்குள் விழுந்தது. அதை எடுக்கக்கூடத் தோன்றாமல் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"என்ன மரம்னு சொன்னீங்க?"

"நாக்னோய் மரம்ங்க" என்றார் ஹின்கோ. ஈஸ்டர் வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்ட மனிதர். திராட்சைத் தோட்டத்துப் பழைய கொட்டகையை இடித்தபோது இவனுக்கு ஒரு தூணைச் சும்மா கொடுத்தவர். "மே மாசம் மஞ்சளா சரம் சரமாத் தொங்குமே, அதேதான். பூச்சி அரிக்காதுன்னு எங்க தாத்தா தேடிப் பிடிச்சு நட்ட தூணு அது. பூ, காய், கட்டை எல்லாமே விஷமாச்சே! அதுல என்ன கடைஞ்சீங்க? பேனா ஸ்டாண்டா?"

கறி வைக்கிற கிண்ணம் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அக்கேசியா மரம் என்று நினைத்துத்தான் கடைசல் இயந்திரத்தில் ஏற்றினான். பட்டை உரிந்த பழங்கட்டையில் ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். போன வாரம்தான் கொண்டுபோய் மாமியார் அல்பினாவிடம் கொடுத்தான்.

ஆறு வருஷமாக லீவு நாளெல்லாம் கடைசலே கதி என்று கிடப்பவனிடம், கிண்ணத்தைக் கேட்டு வாங்கும் ஒரே ஜீவன் அந்த மாமியார்தான். "அடுத்தது எப்ப மாப்பிள்ளை? எண்ணெய் மட்டும் நல்லா ஊற ஊறப் பூசிக் குடுங்க" என்பாள். மற்ற விஷயத்திலெல்லாம் அவனைச் சட்டையே செய்யாதவள். அதனாலேயே அவனுக்குப் பூரிப்பு தாங்காது.

நேற்றுகூடப் போனில் சொன்னாளே! "உங்க கிண்ணத்துலதான் பன்றித்தொடைக் கறியை வச்சுக் கோயில்ல ஆசீர்வாதம் வாங்கிட்டு வந்தேன், மாப்பிள்ளை."

ராத்திரி முழுக்கக் கறி அதிலேயே கிடந்திருக்கும். ஈஸ்டர் காலைப் பூசை முடிந்து வந்ததும் வெறும் வயிற்றில் முதல் வாய் அதுதான். மனைவி நெவெங்காவும் ஏழு வயது ஸாலாவும் நேற்றே அங்கே போய்விட்டார்கள்.

நெவெங்காவின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. பண்டிகை நாளில் எல்லார் போனையும் வாங்கி மேஜை டிராயருக்குள் போட்டுவிடுவது அல்பினாவின் சட்டம்.

வீட்டுச் செருப்போடு காரில் பாய்ந்தான். கிர்கா ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போதே எதிரே பூசை முடிந்து ஜனங்கள் வந்துகொண்டிருந்தார்கள். அவன் ஆக்சிலரேட்டரை இன்னும் அழுத்தினான்.

கதவைத் தட்டவில்லை, தள்ளிக்கொண்டு உள்ளே போனான். மேஜையைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். ஸாலாவின் கன்னம் உப்பியிருந்தது.

"துப்பு! கண்ணு, துப்பிடு!" என்று குழந்தையின் வாய்க்குள் விரலை விட்டான். அவள் வீரிட்டு அழுதாள். மென்ற கறி மேஜைவிரிப்பில் விழுந்தது.

"உங்களுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா?" அல்பினா எழுந்தாள். "ஆசீர்வாதம் வாங்கின கறி! ஒரு துணுக்கு கீழ விழுந்தாக்கூட எடுத்து அடுப்புல போடணும். அதைப் போய்த் துப்ப வைக்கிறீங்களே!"

"அத்தை, அந்தக் கிண்ணம் விஷம்! அது அக்கேசியா இல்ல, நாக்னோய். இப்பதான் தெரிஞ்சுது. யாரும் தொடாதீங்க!"

நெவெங்கா முள்கரண்டியைக் கீழே போட்டாள். "ஐயோ, நான் ரெண்டு துண்டு தின்னுட்டேங்க!"

"நான் நாலு" என்றார் மாமனார் லொய்ஸே. சொல்லிவிட்டு ஏனோ விறகடுப்புப் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகாது" என்றாள் அல்பினா. "உக்காருங்க. சாப்பிடுங்க."

"அத்தை, இது பிடிவாதம் பிடிக்கிற விஷயம் இல்ல! ராத்திரி பூரா அதுல கிடந்த கறி…"

அல்பினா ஒரு பெரிய துண்டை எடுத்து, காரமுள்ளங்கித் துருவலைத் தொட்டு, அவன் கண் முன்னாலேயே வாயில் போட்டு மென்றாள். தமியான் ஸாலாவின் தட்டைப் பிடுங்கினான். இந்தக் கிழவி கௌரவத்துக்காகச் சாகவும் துணிந்துவிட்டாள், கூடவே என் பிள்ளையையும் கொண்டுபோகப் போகிறாள் என்று பதறினான்.

"அம்மா, விளையாடாதே!" நெவெங்கா அழ ஆரம்பித்தாள். "கிண்ணம் எங்க? டாக்டர் கேட்டா காட்டணுமில்ல?"

கோயிலுக்குக் கொண்டுபோன கூடையை மூடியிருந்த பூப்பின்னல் துணியைத் தமியான் இழுத்தான். உள்ளே ரொட்டியும் சாய முட்டைகளும் இருந்தன. கிண்ணத்தைக் காணோம்.

"எங்க அத்தை?"

அல்பினாவின் முகம் காதுவரை சிவந்திருந்தது. விஷம் ஏற ஆரம்பித்துவிட்டது என்றே அவன் முடிவு கட்டினான்.

அவசர எண்ணை அழுத்தினான். "ஆம்புலன்ஸ் வேணும், நாலு பேர், அதுல ஒரு குழந்தை…" ஸாலாவை இடது கையால் அணைத்துக்கொண்டான். தன் கையால் கடைந்து, தன் கையால் எண்ணெய் பூசி, தானே கொண்டுவந்து கொடுத்தோமே என்று தன்னையே நொந்துகொண்டான். எந்த ஊர், எந்த வீடு என்று மறுமுனையில் ஒரு பெண் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சொல்லித் தொலை, அல்பினா" என்றார் லொய்ஸே.

அல்பினா வந்து அவன் கையிலிருந்த போனை மெல்ல வாங்கி அணைத்தாள். அவன் முகத்தைப் பார்க்காமல், மேஜைவிரிப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இந்தக் கறி வெந்ததே உங்க கிண்ணத்தை எரிச்சுத்தான், மாப்பிள்ளை."