நீலத்தாள்

கனடாவிலிருக்கும் மகன் ஏற்பாடு செய்த எட்டடிக் கடல்மீன் தொட்டி, ராசாத்தாள் வீட்டு ஹாலின் நடுவில் நின்றது. தொட்டி அமைக்க வந்த வேலுமணி, பவளப்பாறைகளை அடுக்கி முடித்து, பின்பக்கக் கண்ணாடியில் நீலத்தாளை ஒட்டப் போனார்.

“அது வேண்டாமுங்க,” என்றார் ராசாத்தாள்.

“ஒட்டினாத்தானுங்கம்மா கடலாட்டம் இருக்கும். இல்லீன்னா ஊட்டுச் சாமானெல்லாம் தெரியுமுங்க.”

“தெரியட்டுமுங்க.”

பிடிவாதக்கார அம்மாதான் என்று எண்ணியபடி, வேலுமணி எதிர்ச்சுவரில் கேமராவைப் பொருத்தினார்.

“பையன் அங்கிருந்தே செல்போன்ல மீனைப் பார்க்கறதுக்குங்களா இது?”

“ஆமாங்க.”

உள்ளே போன ராசாத்தாள் புதுச்சேலையில் வந்தார். நாற்காலியை இழுத்துத் தொட்டிக்குப் பின்னால் போட்டு, கேமராவைப் பார்த்து உட்கார்ந்தார்.

“எங்கூடப் பேசத்தானுங்க அவனுக்கு நேரமில்லை. மீனைத் தெனமும் பார்ப்பானாமா. இந்தப் பாறை என்ற மொகத்தை மறைக்குதுங்களா, பாருங்க.”