வால் போன மோட்டார்

"ஐயோ, என் மோட்டாரோட வாலைக் காணோம்!"

மெக்கானிக் போட்ட சத்தத்தில், அடுப்படியில் இருந்த மனைவி கரண்டியோடு கொல்லைப்பக்கம் ஓடி வந்தாள்.

"மோட்டாருக்கு ஏதுங்க வாலு?"

"ஷாஃப்ட்டைச் சொல்றேன்டி! நேத்து சாயங்காலம் இங்கதானே மாட்டி வெச்சேன்?"

மரச்சட்டத்தின் மேல் என்ஜின் மட்டும் மொட்டையாக உட்கார்ந்திருந்தது. பழைய தண்ணீர் பம்பிலிருந்து கழற்றிய என்ஜின். அதோடு ஆள் உயரத்துக்கும் மேல் நீளமான இரும்புக் குழாய், உள்ளே சுழலும் கம்பி, நுனியில் படகைத் தள்ளும் விசிறி என்று பார்த்துப் பார்த்துக் கோத்திருந்தான்.

ஊர் ஏரியில் இடுப்பளவுகூடத் தண்ணீர் கிடையாது; அடியெல்லாம் சேறும் பாசியும். கடையில் விற்கிற மோட்டாரை மாட்டினால் விசிறி நேராகக் கீழே இறங்கிச் சிக்கிக்கொள்ளும். இவன் செய்த வாலோ படகுக்குப் பின்னால் படுத்தவாக்கில் நீண்டு, மேல்தண்ணீரிலேயே சுற்றும். மழைக்காலம் பூராவும் இதே வேலை. இன்றைக்கு வெள்ளோட்டம். இனி அக்கரைக்கு ஆள் ஏற்றப்போவதாக எல்லாரிடமும் சொல்லியும் ஆகிவிட்டது.

"போல்ட்டை எல்லாம் கழட்டி வரிசையா அடுக்கி வெச்சுட்டுப் போயிருக்கான் பாரு! என்ன கொழுப்பு!"

மனைவி இழுத்தாள். "நேத்து நீங்க கடைக்குப் போயிருந்தப்போ கோலண்ணன் வந்தாருங்க. அந்த விசிறியையே சுத்திச் சுத்திப் பார்த்தாரு. ஒரு வார்த்தை பேசாம போயிட்டாரு."

மெக்கானிக்கின் கண் சிவந்துவிட்டது.

நீளமான மூங்கில் கோலை ஊன்றிப் படகு தள்ளுகிறவர் என்பதால் எல்லாருக்கும் அவர் கோலண்ணன். அவர் அக்கரைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஏறினவர்கள் ஒரு குட்டித் தூக்கமே போட்டுவிடலாம். மோட்டார் வந்துவிட்டால் அவர் படகில் யார் ஏறப்போகிறார்கள்?

"பிழைப்பு போயிடுமேன்னு வயித்தெரிச்சல்! விடறேனா பார்!"

"விசாரிக்காம குதிக்காதீங்க..."

அவள் சொல்லி முடிப்பதற்குள் அவன் தெருமுனையைத் தாண்டியிருந்தான். கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல் அவளும் பின்னாலேயே ஓடினாள்.

படகுத்துறையில் கோலண்ணன் படகு கட்டிக் கிடந்தது. கோல் அதற்குள்ளேயே இருந்தது. ஆளைத்தான் காணோம்.

"விடிஞ்சதுமே இந்தப் பக்கமாப் போனாரே," என்றார் டீக்கடைக்காரர். "தோள்ல நீளமா ஏதோ, சாக்கு சுத்தி..."

"கேட்டியா? கேட்டியா?" என்று மனைவியைப் பார்த்துக் கத்தினான் மெக்கானிக்.

படகுக்குள் தாவினான். கோலை எடுத்தான். துறைக் கல்லில் ஓங்கி ஒரே போடு. மூங்கில் சடாரென்று பிளந்து இரண்டாகத் தொங்கியது. படகுக்குக் காத்திருந்தவர்கள் பதறி எழுந்தார்கள்.

"இப்போ எப்படி ஓட்டறாருன்னு பார்க்கறேன்!"

மூச்சு வாங்கத் திரும்பினால், எதிரே கோலண்ணன். தோளில் அதே வால்.

"வாங்கண்ணே! கையும் களவுமா..."

அவன் கண் வாலின் நுனியில் போய் நின்றது. விசிறியைச் சுற்றி இப்போது கெட்டியான கம்பிக் கூண்டு ஒன்று இருந்தது. வெல்டிங் வைத்த கறுப்புகூட இன்னும் துடைக்கப்படவில்லை.

"வெல்டர் கடை திறக்கறதுக்கு முன்னாடியே போய் உட்கார்ந்துட்டேன் தம்பி. நீ ஓட்டறதுக்குள்ள முடிச்சாகணுமே!" கோலண்ணன் வாலை மெதுவாக இறக்கி வைத்தார். "இந்த விசிறி மேல்தண்ணியில சுத்துது. துறையில எத்தனை குழந்தைங்க விழுந்து கிடந்து ஆடுதுங்க, பார்த்தியா? உன் பொண்ணு என் படகைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டே வருவா. என் கோல் பட்டா கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான். இது பட்டா?"

மெக்கானிக் குனிந்து அந்தக் கூண்டைத் தொட்டுப் பார்த்தான். மனைவிதான் கேட்டாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே?"

"என் வாயால சொன்னா எடுபடுமாம்மா? மோட்டாரை ஓட விடாம ஏதோ கிளப்பி விடறேன்னு நினைச்சுட்டா? அப்புறம் பிடிவாதத்துக்கே கூண்டு போடாம ஓட்டுவான்."

அப்போதுதான் அவர் கண்ணில் கோல் பட்டது. குனிந்து எடுத்தார். பிளந்த இடத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார்.

"அண்ணே... என் புத்தி கெட்டுப் போச்சு. இப்பவே நல்ல மூங்கிலாப் பார்த்து நானே வெட்டிட்டு வந்துடறேன்."

"அட, விடுப்பா." கோலை ஓரமாகப் போட்டுவிட்டு, வாலின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்தார் கோலண்ணன். "அந்தப் பக்கம் பிடி. அக்கரையில ஜனம் நிக்குது, சீக்கிரம் மாட்டு. உன் மோட்டார் கிளம்பிட்டா, இந்தக் கோலுக்கு யாருப்பா காத்திருக்கப் போறாங்க?"